கேட்டவர் பெயர்

பல்கலைக்கழக நூலகத்தில் கொள்முதல் பிரிவின் தலைவிக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. முகத்துக்கு நேரே அவள் 'மேடம்'. முதுகுக்குப் பின்னால் 'எக்ஸ்ரே'. அந்தப் பட்டப்பெயர் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. கோபித்துக்கொள்வதுபோல் முகத்தை வைத்துக்கொண்டாலும் உள்ளூர அவளுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

பெயர் வந்த கதை சாதாரணமானது. எந்த ஆசிரியருக்குப் புத்தகம் வேண்டுமானாலும் ஒரு சீட்டை நிரப்பி அனுப்ப வேண்டும். நூலின் பெயர், பதிப்பகம், கடைசியில் கேட்டவர் பெயர். சீட்டெல்லாம் வந்து விழும் இடம் இவள் மேஜை. வாங்கலாமா கூடாதா என்று முடிவு செய்வதுதான் இவள் வேலை. ஆனால் இத்தனை வருஷம் சீட்டைப் பார்த்துப் பார்த்து, புத்தகத்தை விட்டுவிட்டு ஆளைப் படிக்கப் பழகிவிட்டாள். பொருளாதாரப் பேராசிரியர் தேனீ வளர்ப்பு பற்றிப் புத்தகம் கேட்டபோது, "மனுஷன் வேலையை விடப் போறார்" என்றாள். விட்டார். வேதியியல் அம்மாள் பச்சைக் குழந்தைகளின் தூக்கத்தைப் பற்றிக் கேட்டபோது, அந்த அம்மாளின் மாமியாருக்கே தெரியாத சமாசாரம் இவளுக்குத் தெரிந்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், யார் எந்தப் புத்தகத்தைக் கேட்டார் என்பது பிரிவை விட்டு வெளியே போகக் கூடாது என்று விதி எழுதிச் சுவரில் மாட்டியவளும் இவள்தான். முத்திரை குத்தும் உதவியாளர் ஒருவர் உண்டு, எதைச் சொன்னாலும் ஊருக்கே போய்ச் சேர்ந்துவிடும் என்பதால் அவருக்குத் 'தந்தி' என்று பெயர். ஒருமுறை அவர் ஒரு பேராசிரியரின் சீட்டு விவகாரத்தைத் தேநீர்க் கடையில் அவிழ்த்துவிட்டார் என்று தெரிந்து, அவரை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். "ஒருத்தர் என்ன படிக்கிறார்ங்கறது அவர் வீட்டுப் படுக்கையறை மாதிரி. எட்டிப் பார்க்கறதுக்கு நமக்கு உரிமை இல்ல" என்றாள். தான் எட்டிப் பார்ப்பது கணக்கில் சேராது என்பது அவள் கட்சி. வெளியே சொன்னால்தானே தப்பு.

இவளுடைய மகள் கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அப்பா இல்லை, தாயும் மகளும் மட்டும். மகள் ஒருநாள் சாப்பிடும்போது, நிலவியல் துறையில் விரிவுரையாளராக இருக்கும் ஒருவரைத் தனக்குப் பிடித்திருக்கிறது, அவருக்கும் அப்படியே என்று சொன்னாள். வேறொரு தாயாக இருந்தால் குலம் கோத்திரம் விசாரிப்பாள். எக்ஸ்ரே மறுநாள் காலையில் முதல் வேலையாக அலமாரியைத் திறந்து அந்த விரிவுரையாளரின் பழைய சீட்டுகளை எடுத்துப் பரப்பினாள். பாறை, பாறை, மண், மறுபடி பாறை. நடுவில் ஒன்றே ஒன்று நீச்சல் பற்றி. இதைவிடக் களங்கமில்லாத மாப்பிள்ளை எங்கே கிடைப்பான்? சம்மதம் சொல்லிவிட்டாள்.

பையனும் தங்கமானவன். நூலகத்துக்குள் 'மேடம்', வாசலைத் தாண்டியதும் 'அத்தை'. கல்யாணப் பேச்சு ஒழுங்காக நகர்ந்தது. மகளுக்குத் தாய்மாமனான இவள் தம்பி, அந்த வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வாயெல்லாம் பல்லாகத் திரும்பினான். மாப்பிள்ளையின் பெற்றோர் மூத்த மகனோடு இருப்பதால் இவர்கள் தனிக்குடித்தனம்தான் என்பதும் முடிவாயிற்று.

அந்த நேரத்தில்தான் அந்தச் சீட்டு வந்தது.

நிலவியல் துறையிலிருந்து வந்த சீட்டுக் கட்டுக்குள் நாலு பாறைகளுக்கு நடுவே இருந்தது. குடும்பத்துக்குள் எதற்கெடுத்தாலும் சந்தேகப்படும் மனிதர்களைப் பற்றி மனநல மருத்துவர் ஒருவர் எழுதிய புத்தகம். அன்பு என்ற பெயரில் கூட இருப்பவர்களை வேவு பார்ப்பவர்கள், அவர்களை அடையாளம் காண்பது எப்படி, அவர்களுக்குள் என்ன நடக்கிறது என்பதெல்லாம் அதில் இருப்பதாகப் பதிப்பகத்தின் குறிப்பு சொன்னது. கேட்டவர் பெயர் என்ற இடத்தில் மாப்பிள்ளையின் பெயர், அவனுடைய உருண்டைக் கையெழுத்தில்.

எக்ஸ்ரே சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கல்லைப் படிக்கிற ஆளுக்குச் சந்தேகத்தைப் பற்றி என்ன ஆராய்ச்சி?

"என்ன மேடம், முகமே மாறிடுச்சு?" என்றார் தந்தி, எதிர் மேஜையிலிருந்து.

"ஒண்ணுமில்ல. உங்க வேலையைப் பாருங்க."

தந்தி வேலையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, "உடம்புக்கு வந்தவன்தான் மருந்துப் புத்தகம் தேடுவான்னு நீங்க சொல்லுவீங்களே மேடம், எவ்வளவு சரி!" என்றார். எந்தச் சீட்டைப் பற்றியும் அவர் பேசவில்லை. சும்மா ஐஸ் வைத்தார். ஆனால் அது அவள் நெஞ்சில் போய்த் தைத்தது. உடம்புக்கு வந்தவன்! இவனுக்கே அந்த வியாதி. தெரிந்து வைத்திருக்கிறான். கல்யாணத்துக்குள் மூடி மறைக்க வழி தேடுகிறான். நாளைக்குத் தன் மகள் எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று ஒருவன் நிழல்போல் பின்னால் வருவதை அவள் கண்ணால் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

புத்தகத்தை உடனே வாங்கச் சொல்லி ஆர்டர் போட்டாள். தானே படித்துப் பார்த்துவிட வேண்டும் என்றுதான்.

அன்று சாயங்காலம் மகள் வந்ததும், வழக்கம்போல் அவள் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவைக் கழுவ எடுத்தாள். எடுக்கும்போது பேருந்துச் சீட்டும், ஒரு தேநீர்க் கடை ரசீதும் கண்ணில் பட்டன. கண்ணில் பட்டதை என்ன செய்வது, கண்ணைக் குத்திக்கொள்ளவா முடியும்?

"நேரா வீட்டுக்குத்தான் வந்தியா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, அவரோட டீ குடிச்சிட்டு வந்தேன்."

"ஓ. அப்படியா." சற்று விட்டு, "எங்கே போனே, எதுக்குப் போனேன்னு அவர் உன்னைத் துருவித் துருவிக் கேக்கிறதுண்டா?"

"அவரா?" மகள் சிரித்துவிட்டாள். "அவருக்குத் தன் செருப்பு எங்கே இருக்குன்னே தெரியாது."

நன்றாக மறைக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள் எக்ஸ்ரே.

இரண்டாவது சீட்டு அடுத்த வாரமே வந்தது. கல்யாணமான பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்வது சாத்தியமா, என்ன யோசித்து முடிவெடுப்பது என்பதைப் பற்றிய புத்தகம். கேட்டவர் பெயர் அதேதான். எக்ஸ்ரேக்கு இப்போது எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. தனிக்குடித்தனம் என்று தேன் ஒழுகச் சொன்னதெல்லாம் கரடி. அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து வைக்கப் போகிறான். சந்தேகப் பிராணியோடு மாமனார் மாமியார் காவலும் சேர்ந்தால் பெண் என்ன ஆவாள்?

அந்தச் சீட்டில், 'துறைக்குத் தொடர்பற்றது, வாங்க வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேலையில் சேர்ந்த நாள் முதல் சொந்தக் காரணத்துக்காக அவள் ஒரு புத்தகத்தையும் தள்ளியதில்லை. பேனாவை மூடியவள், எழுதியதை இன்னொரு முறை படித்தாள். பெண்ணைப் பெற்றவளுக்கு இந்த அளவு உரிமை உண்டு என்று மனசை அதட்டி அடக்கினாள்.

மாப்பிள்ளை நேரில் வந்தான். மறுப்புக் குறிப்பு அவன் கையில் இருந்தது.

"மேடம், இந்தப் புத்தகத்தை வேண்டாம்னு போட்டிருக்கீங்க. பரவாயில்ல. முதல்ல கேட்டது வந்திடுச்சான்னு..."

"வரும் வரும். ஆமா, இதெல்லாம் பாறைக்கு எப்படி உதவும்னு எனக்குப் புரியலையே?"

அவன் காது சிவந்தது. "பொது அறிவுக்குத்தான் மேடம்."

"பொது அறிவு." அவள் அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்றாள். "வீட்ல யாருக்காவது ஏதாவது பிரச்சனையா?"

"அய்யோ, அதெல்லாம் இல்ல மேடம்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இந்தச் சீட்டையெல்லாம்... நீங்களே பார்ப்பீங்களா? இல்ல, வேற யாராவதா?"

"ஏன்?"

"சும்மாத்தான் கேட்டேன்."

முகத்தில் ஈயாடாமல் போனான். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? குற்றமுள்ளவன்தானே யார் பார்த்தார்கள் என்று கேட்பான்?

முதல் புத்தகம் வந்து சேர்ந்தது. புதிதாக வரும் எதையும் முத்திரை குத்துவதற்கு முன்னால் ஒரு பக்கம் விடாமல் புரட்டிப் பார்ப்பது அந்தப் பிரிவின் வழக்கம். பக்கம் விட்டுப்போயிருந்தாலோ, அச்சு விழாமல் வெள்ளையாக இருந்தாலோ கடைக்காரரிடம் திருப்பிவிடலாம். முத்திரை விழுந்துவிட்டால் அவர் வாங்கமாட்டார். "இதை நானே வீட்ல வெச்சுப் பக்கம் பார்த்திடறேன்" என்று தந்தியிடம் சொல்லிப் பையில் போட்டுக்கொண்டாள். தந்தி புருவத்தை உயர்த்தினார். மேடம் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போவது அதுவே முதல் தடவை.

இரண்டு நாள் மகளுக்குத் தெரியாமல் படித்தாள். படிக்கப் படிக்கத் திகிலாக இருந்தது. மருத்துவர் புட்டுப் புட்டு வைத்திருந்தார். முக்கியமான இடங்களில் எல்லாம், வேண்டாத சீட்டுகளைக் கிழித்துச் செருகினாள். புத்தகத்தின் மேல்பக்கம் காகித நுனிகளாக நிறைந்தது. கடைசியில் தம்பிக்குப் போன் போட்டாள்.

"நாளைக்குக் காலைல அவங்க வீட்டுக்குப் போ. கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம்னு சொல்லிடு."

"என்னக்கா திடீர்னு? காரணம் கேப்பாங்களே."

"ராத்திரிக்குள்ள சொல்றேன். முதல்ல இவகிட்டப் பேசணும்."

அது சனிக்கிழமை சாயங்காலம். மகள் அலுவலகத்திலிருந்து வந்து, பையை மேஜைமேல் வைத்துவிட்டு, முகம் கழுவப் போனாள். எக்ஸ்ரே டப்பாவை எடுத்தாள். மகள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றதும், "உக்காரு. உன்கிட்ட ஒண்ணு காட்டணும்" என்று சீட்டுகள் துருத்திக்கொண்டிருந்த புத்தகத்தை மேஜையில் வைத்தாள்.

மகள் அட்டையைப் பார்த்தாள். அவள் கை துண்டோடு அப்படியே நின்றது.

"இது எப்படி இங்கே வந்துச்சு?"

"உன் பாறை மாப்பிள்ளை கேட்ட புத்தகம். பதறாம கேளு. யாரைக் கட்டிக்கப் போறேன்னு உனக்குத் தெரியணும்." எக்ஸ்ரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். முதல் சீட்டு இருந்த பக்கத்தைத் திறந்தாள். "இதைக் கேளு. 'இவர்கள் பதில் தெரிந்துகொள்வதற்காகக் கேள்வி கேட்பதில்லை. பதில் முன்பே அவர்கள் கையில் இருக்கும். நீங்கள் உண்மை சொல்கிறீர்களா என்று பார்ப்பதற்காகத்தான் கேட்பார்கள்.' பார்த்தியா?"

மகள் புத்தகத்தில் துருத்தியிருந்த மற்றச் சீட்டுகளைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு. 'எதுவும் கிடைக்காவிட்டால் இவர்கள் நிம்மதி அடைவதில்லை. நன்றாக மறைத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள்.' எப்பேர்ப்பட்ட மனசு பாரு! இவங்களோட எப்படிக் காலந்தள்ளறது?"

"ம்."

"இது இன்னும் மோசம். 'உங்கள் பையைத் திறப்பார்கள். ஏன் என்று கேட்டால், உங்களுக்கு உதவி செய்யத்தான் திறந்தேன் என்பார்கள். அதில் பொய் இருக்காது. அவர்களே அதை மனதார...'"

மகள் மேஜையைப் பார்த்தாள். அவளுடைய பை வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பக்கத்தில் சாப்பாட்டு டப்பா. டப்பாவின் அடியில் அன்றைய பேருந்துச் சீட்டு, கசங்கியிருந்ததை யாரோ விரலால் நீவி நிமிர்த்தியிருந்தார்கள்.

எக்ஸ்ரேயும் பார்த்தாள். வாக்கியத்தின் மிச்சத்தை அவள் படிக்கவில்லை.

"அம்மா" என்றாள் மகள். கத்தியிருந்தால்கூடத் தேவலாம், சாதாரணமாகத்தான் கேட்டாள். "இத்தனை இடத்துல சீட்டு வெச்சிருக்கியே, இதுல ஒண்ணாவது அவர் பண்ணி நீ பார்த்திருக்கியா? ஒண்ணே ஒண்ணு சொல்லு."

எக்ஸ்ரே தேடினாள். மனசுக்குள் அலமாரி அலமாரியாகத் திறந்து தேடினாள். தன் செருப்பே எங்கே என்று தெரியாதவன் என்று மகள் சொன்னதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"அப்புறம் எதுக்கு அவன் இதைக் கேக்கணும்?"

"அவர் கேக்கல. நான் கேட்டேன். அவரை எழுதிக் கொடுக்கச் சொன்னேன்."

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரே கண்ணாடியைக் கழற்றினாள். மறுபடி போட்டாள்.

"உனக்கு வேணும்னா கடையில சொல்லி வரவழைச்சிருக்கலாமே."

"வீட்டுக்கு வர்ற பார்சலை யாரும்மா பிரிக்கறது?"

எக்ஸ்ரே புத்தகத்தை மூடினாள்.

"நூலகத்துல கேக்கறதும் வேண்டாம்னுதான் நான் சொன்னேன். அவர்தான் என் பேச்சைக் கேக்கல. 'வீட்ல எப்படியோ, வேலைன்னு வந்தா அத்தை அப்படி இல்ல. யார் என்ன கேட்டாங்கன்னு பார்க்கவே மாட்டாங்க, அப்படி ஒரு விதியே எழுதி மாட்டியிருக்காங்க'ன்னு சொன்னார். உன்னை நம்பித்தான் எழுதிக் கொடுத்தார். ரெண்டாவது புத்தகத்தை நீ வேண்டாம்னு போட்டப்பகூட உன்மேல ஒரு குறையும் அவர் சொல்லல. மறுத்துட்டாங்கன்னு மட்டும்தான் சொன்னார்."

எக்ஸ்ரேக்கு முகம் எரிந்தது. ஒருவன் தன்னை, தான் இருப்பதைவிட நல்லவளாக நினைத்திருக்கிறான் என்று தெரியவருவதுபோல் வெட்கக்கேடு வேறில்லை. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். போகவில்லை.

"அந்த இன்னொரு புத்தகம்..." என்று ஆரம்பித்தாள். "அவங்க அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வர்றதுக்குன்னு நினைச்சு நான்..."

"அவங்க அப்பா அம்மா இல்லம்மா."

மகள் நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தாள். துண்டை மடியில் வைத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நீ இங்கே தனியா இருக்க வேண்டாம், கல்யாணத்துக்கு அப்புறம் எங்களோடயே வந்துடணும்னு அவர் சொல்றார். முதல் நாள்லேர்ந்தே சொல்லிட்டிருக்கார். எனக்குத்தான் பயமா இருந்துச்சு. வேண்டாம்னு சொல்லவும் மனசு வரல. நீ தனியா உக்காந்து சாப்பிடறதை நினைச்சா அழுகை வருது. ஆனா சரின்னு சொல்லவும் தைரியம் வரல. உன்னோட இருக்க முடியுமா, உன்னைப் புரிஞ்சுக்க ஏதாவது வழி இருக்கா, அதைத் தெரிஞ்சுக்கத்தான் படிக்கணும்னு நினைச்சேன். உன்மேல இருக்கற கோபத்துல இல்லம்மா."

எக்ஸ்ரேயின் கண் நிறைந்துவிட்டது. அழுவதற்குத் தனக்கு இப்போது யோக்கியதை இல்லை என்று தோன்றியதால் பல்லைக் கடித்து அடக்கினாள். எத்தனையோ பேர் வாழ்க்கையை ஒரு வரியில் படித்தவளுக்கு, எதிரே உட்கார்ந்திருந்த முகத்தில் ஒன்றும் படிக்கத் தெரியவில்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பதில் தெரியாத ஒரு கேள்வியைக் கேட்டு அவளுக்குப் பழக்கமே இல்லை.

"சரி... படிச்சுட்டு என்ன முடிவு பண்ணினே?"

"இன்னும் படிக்கவே இல்லையே" என்றாள் மகள். "புத்தகத்தை நீதானே வெச்சிருக்கே."

எக்ஸ்ரே புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். முதல் சீட்டை உருவப் போனாள். விரல் நுனியில் பிடித்தவள், என்ன நினைத்தாளோ, மறுபடி உள்ளே தள்ளினாள். எல்லாச் சீட்டோடும் சேர்த்துப் புத்தகத்தை மகள் பக்கம் நகர்த்திவிட்டாள்.

மகள் அதை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அந்த வீட்டில் அந்தத் தாழ்ப்பாள் விழுந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. போட்டால் ஏன் போட்டாய் என்று கேள்வி வரும். எக்ஸ்ரே கேள்வி கேட்காமல் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பக்கம் புரளும் சத்தம் கேட்கிறதா என்று காது தானாகப் போயிற்று. எழுந்து போய்க் குழாயை இறுக்கி மூடினாள். மூடிய பிறகு வீடு இன்னும் அமைதியாகி, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

போன் அடித்தது. தம்பி.

"அக்கா, காலைல அவங்க வீட்ல என்ன காரணம் சொல்லட்டும்? இன்னும் நீ சொல்லவே இல்லையே."

"நீ போக வேண்டாம்."

"ஏன், அவகிட்டப் பேசிட்டியா? என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்புறம்? கல்யாணம் உண்டா இல்லையா?"

"கல்யாணம் உண்டுடா. அதுல ஒரு மாத்தமும் இல்ல." அவள் சாத்திய கதவைப் பார்த்தாள். "என் விஷயம்தான் இன்னும் முடிவாகல. அவ படிச்சிட்டிருக்கா. படிக்கட்டும்."